அவள் வாயருகே ஒரு குமிழ்

மார்க்கம் வீதி அச்சகத்தில் கணினித் திரையின் வெளிச்சம் எங்கள் மூவர் முகத்திலும் விழுகிறது. நான் என் கணவரின் முப்பத்தோராம் நாள் நினைவுமலரை வாங்க வந்தவள். மார்வா ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கறுப்பின வரலாற்றைச் சொல்ல அவள் வரைந்த சித்திரக்கதை இன்று அச்சேற வேண்டும். கடைசிப் படத்தில், இருநூறு வருடங்களுக்கு முந்திய, நாங்கள் குடியேறிய இதே ஊரில், ஒரு தாயும் மகனும் அடிமைகளாக விலைக்கு நிற்கிறார்கள். “இஞ்சையுமோ ஆக்களை வித்தவை?” என்று கேட்கிறேன். “ஓம் அன்ரி, பேப்பரில விளம்பரம் போட்டு வித்தவையாம்,” என்கிறாள் அச்சகக்காரி கோணேஸ்வரி. மார்வாவின் விரல் தாயின் பேச்சுக்குமிழில் உறைந்து நிற்கிறது. ‘என் பிள்ளையை விட்டுவிடுங்கள்.’ “இதை யார் எழுதியது?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். கோணேஸ்வரி என் பக்கம் திரும்புகிறாள். “குமிழ் வெறுமையாக் கிடந்தது அன்ரி. ரீச்சர் மறந்துபோனா எண்டு நான்தான் எழுதினன். அங்கிளின்ரை புத்தகத்தில நீங்கள் அழுகிற மாதிரி வாற பாட்டும் நான் எழுதினதுதானே?” கையிலிருக்கும் நினைவுமலர் கனக்கிறது. குமிழைப் பற்றிச் சொன்னதை மட்டும் மார்வாவுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறேன். “நான் மறக்கவில்லை,” என்கிறாள் மார்வா. “விற்றவனின் விளம்பரம் இருக்கிறது. அந்தத் தாய் சொன்னதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.” கோணேஸ்வரி அழிக்கும் விசையை அழுத்துகிறாள். எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மறைகின்றன. குமிழ் வெளுக்கிறது. படத்துக்குள் மகன் அண்ணாந்து, தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.