கடைசி வண்டி

"இது யார் பண்ண வேலைன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன்," என்றார் ராஸ்கோ.

பேரைத்தான் சொல்லவில்லை. பார்வை நேராக வெர்னாவின் மேல்தான் இருந்தது.

கொலராடோ மலைப்பாதையில் முழங்காலுக்கு மேல் உயரமாக ஒரு பாறைப்படி. ஜீப்பை அதன்மேல் ஏற்றிக்கொண்டு போவதுதான் அந்தப் பாதையின் சுவாரசியமே. ஏறப் பயந்த யாரோ பக்கத்துப் புல்வெளி வழியாகச் சுற்றிச் சுற்றிப் போய், காட்டுப்பூவெல்லாம் நசுங்கி, புதுத் தடமே விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை அடைக்காவிட்டால் பாதையையே மூடிவிடுவோம் என்று வனத்துறை சொல்லிவிட்டது. அதனால்தான் ஜீப் சங்கம் மொத்தமும் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்திருந்தது.

வெர்னா வசந்தகாலத்தில்தான் சங்கத்தில் சேர்ந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுடைய ஜீப் அடிமாட்டு விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு கதவும் ஒரு நிறம்.

சங்கத் தலைவர் ராஸ்கோவின் ஜீப் புத்தம் புதுசு. ராட்சதச் சக்கரம், கூரை முழுக்க விளக்கு. எப்போது கிளம்பினாலும் கடைசி வண்டி அவருடையதுதான். யாராவது சிக்கிக்கொண்டால் இழுத்துவிட ஒரு ஆள் வேண்டாமா என்பார்.

"ஸ்கூல் பஸ் ஓட்டுறவங்களுக்கு மலையில என்னம்மா வேலை?" என்றார் இப்போது. அவளைச் சங்கத்திலிருந்து நீக்குவதா என்று சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் கை தூக்க வேண்டுமாம்.

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கத்தோடு மலைக்கு வரும் இந்தச் சனிக்கிழமைகளை நினைத்துத்தான் மற்ற நாட்களையே அவள் ஓட்டினாள். புல்வெளிப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? கோபத்தையெல்லாம் கடப்பாரையில் காட்டினாள்.

"சின்னக் கல்லா நாலு போட்டா போதும்மா," என்று தலைவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. சக உறுப்பினர் ஓட்டிஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பெரிய பெரிய பாறைகளாகப் புரட்டி வந்து தடத்தை அடைத்தாள். இனி முயல் நுழையலாம், ஜீப் நுழையாது.

சாப்பாடு பாறைப்படிக்கு மேலே, மரத்தடியில். ஒவ்வொரு வண்டியாக ஏறியது. வெர்னாவின் முறை வந்ததும் நமட்டுச் சிரிப்பு எழுந்தது. பழைய ஜீப் முக்கியது, முனகியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு ஒரே மூச்சில் மேலே போய் நின்றது.

விசில் பறந்தது. ஓட்டிஸ் ஓடி வந்து அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இனிமே எவன் கை தூக்குறான்னு பார்க்கறேன்," என்றான்.

வெர்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

பர்கர் வெந்து, ஆறியும் போனது. தலைவரைத்தான் காணோம்.

"கடைசி வண்டிக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு வர்றேன்," என்று வெர்னா கீழே இறங்கி வந்தாள்.

ராஸ்கோ அங்கேதான் இருந்தார். அவள் வைத்த பாறையை இரண்டு கையாலும் அணைத்து, முகம் சிவக்கத் தள்ளிக்கொண்டிருந்தார். அது அசைவதாக இல்லை.

நிமிர்ந்தவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"இந்தக் கல்லு கொஞ்சம் கோணலா இருந்துச்சு," என்றார்.

வெர்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும், அத்தனை பேரும் ஓடி வந்துவிடுவார்கள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்போதுதான் அவர் பாறைப்படியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"தலைவர் கல்லெல்லாம் உறுதியா இருக்கான்னு பார்த்துட்டு இருக்கார்," என்று மேலே பார்த்துக் கத்தினாள். "இதோ வந்துடுவார்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏறி உட்காருங்க தலைவரே. நான் முன்னாடி நின்னு கை காட்டுறேன், அதைப் பார்த்து மெதுவா வாங்க. பயந்துக்கற பிள்ளைங்களைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்கறதுதானே தினமும் என் வேலை."