மருந்து போன ஊர்

"போலீசுக்குக் காட்டிக் குடுத்தவன் எவன்னு மட்டும் தெரியட்டும். அவன் வீட்டுக் கூரையப் பிரிச்சிட்டுத்தான் மறுசோலி."

உசிலம்பட்டிச் சந்தைக்கு எதிரே, போடி பஸ்ஸுக்குக் காத்து நின்றபடி முத்திருளன் பொருமினார். விடிந்ததிலிருந்து இதே பாட்டுத்தான்.

"விடுய்யா. பிள்ள ஊருக்குப் போற நேரத்துல," என்றாள் அவர் மனைவி பாண்டியம்மாள்.

"எத விடச் சொல்ற? கெணறு வெட்டிப் பொழைக்கிற குடும்பம். பாறை வந்துட்டா வேட்டு வைக்காம என்ன செய்யிறது? பல்லால கடிக்கவா?"

மகன் காளை துணிமூட்டை மேல் உட்கார்ந்து, காதில் விழாதவன் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யுத்தம் வந்ததும் சர்க்கார் பிடியை இறுக்கிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்து வைத்திருக்கக் கூடாது. லைசென்ஸுக்காக முத்திருளன் மதுரைக்கு நடையாய் நடந்தார். ஆபீசில் நாளைக்கு வா, நாளைக்கு வா என்றார்களே தவிர காரியம் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல், இருந்த மருந்தை மாட்டுத் தொழுவத்துப் பரணில் ஒளித்து வைத்துத்தான் அப்பனும் மகனும் வேலை பார்த்தார்கள்.

ஒருநாள் போலீஸ் வந்தது. வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பரணுக்குப் போய் அள்ளிக்கொண்டு போனது. அவரைக் கண்டித்து விட்டதோடு சரி.

அதோடு ஊரில் கிணறுகள் எல்லாம் பாறையில் நின்றுபோயின. தண்ணீர் இல்லை, வெள்ளாமை இல்லை. ஒவ்வொரு குடும்பமாக ஏலக்காய் எஸ்டேட்டுக்கு மலையேறியது. இப்போது காளையும் கிளம்பிவிட்டான்.

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்னேன். நீதான் அவன வெரட்டுற," என்று மனைவி மேல் பாய்ந்தார். "பெத்தவதானா நீ? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல."

"ஏலக்கா பறிக்கத்தான போறான். நல்லாத்தான் இருப்பான்."

"மலைக் காய்ச்சல்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

"காய்ச்சல் வந்தா வைத்தியம் இருக்குய்யா."

இவளிடம் பேசிப் பயனில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கரிப்புகையைக் கக்கிக்கொண்டு பஸ் வந்து நின்றது. "வாரேன்ப்பா. வாரேன்த்தா," என்று காளை ஏறிக்கொண்டான். பஸ் மறைகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, முத்திருளன் வெற்றிலை வாங்கக் கடைப்பக்கம் போனார்.

திரும்பி வரும்போது, ஏட்டு பால்பாண்டி சைக்கிளைப் பிடித்தபடி பாண்டியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். பரணில் ஏறி மருந்தை அள்ளியவர் இவர்தான். முதுகைக் காட்டி நின்றதால் முத்திருளன் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"மகன அனுப்பிட்டியா தாயி? மூத்தவனத்தான் வேட்டுக்குப் பறிகுடுத்தேன், சின்னவனாச்சும் தப்பிக்கட்டும், பரண்ல இருக்கிறத அள்ளிட்டுப் போயிருங்கய்யான்னு நீ டேசன்ல வந்து அழுதது இன்னமும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது."