மூன்றாவது ஜோடி

1987-ல் அரியலூர் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள் என்று அது சொன்ன பிறகுதான் இனி வெடி வைப்பார்கள். அதற்காகப் பாலசுந்தரம் எழுதிய புரோகிராமை எப்படியாவது ஏமாற்றிப் பார்ப்பது கண்ணகியின் வேலை. அந்த வேலை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. 'அங்கமுத்து, ஆண்டிமடம்' என்று இல்லாத ஓர் ஆளை அவள் கம்ப்யூட்டர் கணக்கில் சுரங்கத்துக்குள் இறக்கிய அன்று, வாசலில் இவர்கள் இருவர் செருப்போடு மூன்றாவதாக ஒரு ஜோடி கிடந்தது. சுண்ணாம்புச் சேறு அப்பிய ரப்பர் செருப்பு. யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

ஷிஃப்ட் மாறியதும் திரை, 'எல்லாரும் மேலே' என்றது.

"சார், அங்கமுத்து இன்னும் உள்ளதான் இருக்காரு."

"இல்லாத ஆளுக்கு என்னம்மா இவ்ளோ கவலை? நாளைக்குத் தொடக்க விழா."

"இன்னிக்கு இவர விட்டுச்சுன்னா, நாளைக்கு நெசமான ஆளயும் விட்டுடும் சார்."

பாலசுந்தரம் விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டுத் திருத்த உட்கார்ந்தார். அதற்குச் சில நாள் பிடித்தது. அத்தனை நாளும் செருப்பில் ஈரம் காயவில்லை.

மறுபடி சோதித்தபோது, 'உள்ளே ஒருவர்' என்றது திரை. கண்ணகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏறி வாங்கண்ணே" என்று முணுமுணுத்தபடி அங்கமுத்துவை மேலே ஏற்றினாள்.

சாயங்காலம் வெளியே வந்தபோது வாசலில் இரண்டு ஜோடிதான் இருந்தது. வெள்ளையாக ஒரு செருப்புத் தடம் படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ஆண்டிமடம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போயிருந்தது.