பின் சீட்டு

"கண்ணை மூடிட்டு வாங்கலாம் தம்பி. வண்டி தங்கம்!" என்றார் தரகர்.

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே பார்த்துடறேனே" என்று, அம்மாவோடு கார் வாங்க வந்திருந்த மகன் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக் காருக்கு அடியில் தலையை நுழைத்தான்.

பழைய கார்கள் விற்கும் அந்தக் கொட்டகையில் அவன் சக்திக்கு எட்டியது அந்த ஒரு கார்தான். புதிதாக வேலை கிடைத்திருக்கும் பள்ளிக்கூடம் பஸ் போகாத இடத்தில் இருந்தது. வாங்கிய பிறகு இது நடுரோட்டில் படுத்துவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. வேலையும் நிலைக்காது. அதனால்தான் அங்குலம் அங்குலமாகத் துருவிக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. வந்ததும் வராததுமாகப் பின் கதவைத் திறந்து ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஜம்மென்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடியில துரு இருக்கு." காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"துரு இல்லாத பழைய வண்டி ஏது தம்பி?"

"முன் டயர் ரெண்டும் வழுக்கை."

"மனுசனுக்கே வழுக்கை விழுது, டயருக்கு விழாதா?" தரகர் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

மகன் எழுந்து வந்து பானெட்டைத் தூக்கினான். ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்துப் பார்த்தான். பிறகு இஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். பின்பக்கம் போய்ப் புகையின் நிறத்தைப் பார்த்தான். திரும்பி வந்து கிளட்சை மிதித்து கியர் போட்டதும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"கிளட்ச் தேஞ்சிருக்கு. அம்மா, நீ கொஞ்சம் இறங்கி வந்து பாரேன்."

"நான் எதுக்குடா? நீ பார்த்தாப் போதும். இங்க காலை நல்லா நீட்ட முடியுது. சீட்டும் மெத்து மெத்துன்னு இருக்கு."

தரகருக்குச் சிரிப்பு வந்தது. "அவங்களை விடுங்க தம்பி. பொம்பளைங்களுக்குக் கார்னா சீட்டும் கலரும்தான். இஞ்சினைப் பார்த்து அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அம்மா கோபப்படவில்லை. "ஏங்க, இந்த ஜன்னல் முழுசா இறங்குமா?" என்று கேட்டாள்.

"ஜோரா இறங்கும்மா. ஏறத்தான் கொஞ்சம் அடம் பிடிக்கும்."

மகன் இடப்பக்கக் கதவருகே குனிந்தான். "இந்தக் கதவுக்கு மட்டும் பெயிண்ட் புதுசா இருக்கே. அடிபட்ட வண்டியா?"

தரகர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். "சுவத்துல லேசா உரசிட்டாங்க. அவ்வளவுதான்."

மகன் அந்தக் கதவை நாலைந்து முறை திறந்து மூடினான். அடிச்சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். அவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "உரசல்தான். சட்டம் வளையலை."

"அதான் சொன்னேனே!"

"கிளட்ச், டயர், துரு, ஜன்னல். எல்லாம் சரி பண்ணக்கூடியதுதான். இஞ்சினும் சட்டமும் போயிருந்தாத்தான் தொடக்கூடாது. ஆனா கிளட்சுக்கும் டயருக்கும் ஆகுறதை நீங்க விலையில குறைக்கணும்."

"குறைச்சா எனக்கு என்ன மிஞ்சும்?"

"அப்ப சரிங்க. அம்மா, இறங்கு. போகலாம்."

அம்மா மனசே இல்லாமல் காலால் செருப்பைத் துழாவினாள். இருந்தாலும், மகன் இவ்வளவு கறாராகப் பேசுவதைக் கேட்டு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

"அட, இருங்கம்மா, உட்காருங்க!" தரகர் பதறினார். "குறைச்சுக்கலாம் தம்பி. உங்ககிட்ட மாட்டிக்கிட்டேன், வேற என்ன செய்ய? இந்தாங்க சாவி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. அம்மா, நீங்க முன்னாடி வாங்க, மகன் பக்கத்துல."

"வேண்டாங்க. எனக்கு இதுதான் சரி."

மகன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தான். தரகர் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"இத்தனை விவரமா பார்க்கறீங்களே, மெக்கானிக்கா?"

"கணக்கு வாத்தியார்."

"அப்ப அப்பா சொல்லிக் கொடுத்தாராக்கும்?"

"அப்பாவுக்கு சைக்கிளே தகராறு. எல்லாம் இவங்க சொல்லிக் கொடுத்ததுதான்" என்று மகன் நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் கை காட்டினான். "நான் பால்குடி மறந்ததிலேருந்து போன மாசம் வரைக்கும் அடுத்தவங்க டாக்ஸியை ஓட்டித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. பின் சீட்டுல இன்னைக்குத்தான் முதல் தடவையா உட்கார்றாங்க."

தரகர் திறந்த வாயை மூடுவதற்குள் பின்னாலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"டிரைவர், பேச்சு போதும். வண்டியை எடு!"