சனிக்கிழமை என்றால் பழுதாகும் பிரிண்டர்

"ராகுலன் தம்பி, இண்டைக்கும் அடிக்குதில்லை."

லாப்டொப்பில் பாலசுந்தரத்தின் குரல் கேட்டதும் டெரிக் கதிரையை முன்னுக்கு இழுத்தான்.

பக்கத்தில் மனைவி மயூரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா கதைக்கும்போது அவள் மூச்சைக்கூடச் சத்தமாக விடமாட்டாள்.

அந்தக் கொட்டாஞ்சேனை வீட்டில் ராகுலன் என்று எவனும் இல்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் டெரிக்தான் ராகுலன். வேதக்காரப் பெடியனை, ஒரு கிறிஸ்தவனை, கட்டிவிட்டாள் என்று பெற்ற மகளையே தலைமுழுகிய மனிதரிடம், நான்தான் உங்கள் மருமகன், கொம்பியூட்டர் பார்க்க வந்திருக்கிறேன் என்றா சொல்ல முடியும்? டெரிக்கின் முகத்தையோ குரலையோ அவர் அறியமாட்டார். அறிய விரும்பியதும் இல்லை.

வெள்ளவத்தையில் அவருடைய விண்டோஸ் வைரஸ் பிடித்துப் படுத்தபோதுதான் இந்தக் கூத்துத் தொடங்கியது. பாலசுந்தரம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து அச்சடித்துக் கொடுத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். மயூரியின் தாய் அவருக்குத் தெரியாமல் மகளிடம் போனில் சொல்லி அழ, தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான் என்று மயூரி சொல்லிவிட்டாள்.

டெரிக் ஒரு லினக்ஸ் பைத்தியம். விண்டோஸுக்குப் பதில் அதைப் போடு, சல்லிக்காசு வேண்டாம், வைரஸ் வராது, பழைய மெஷினும் பறக்கும் என்று கண்டவனுக்கெல்லாம் பிரசங்கம் வைப்பவன். லினக்ஸ் இருந்த யூஎஸ்பியைக் கோயிலடியில் வைத்துத் தாயின் கையில் கொடுத்தார்கள். மீதியைப் பாலசுந்தரத்துக்குப் போனிலேயே சொல்லிச் சொல்லி ஏற்றி முடித்தான். "ஆமா எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும், எங்கட ஊர்ப் பெடியன் இல்லையெண்டு அப்பா பிடிச்சிடுவார், ஓம் எண்டு சொல்லும்" என்று மயூரி அவனுக்கு ஒரு கிழமை பாடம் எடுத்திருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் டக்கென்று பிடித்துக்கொண்டார். அடுத்த சனி பிரிண்டர் உண்மையாகவே மக்கர் பண்ணியபோது, கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. "அதென்ன, எனக்கும் சொல்லித்தாரும்" என்று கேட்டு, பிரிண்டரை ஓட்டும் சேவையை நிறுத்துவது, திரும்பத் தொடங்குவது இரண்டையும் பழகிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் மயூரி தும்மித் தொலைத்தாள். ஒன்றல்ல, மூன்று. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூன்றுதான்.

பக்கத்து வீட்டு அக்கா என்று டெரிக் சமாளித்தான். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. பிறகு, கொழும்பில் தூசி கூடிவிட்டது என்றார் பாலசுந்தரம்.

அதற்குப் பிறகு ஒரு சனிகூடத் தப்பவில்லை. டெரிக் திருத்துவான், பிரிண்டர் ஓடும், அடுத்த சனி வந்தால் திரும்பவும் படுத்துவிடும். கிழமை முழுக்க இணையத்தில் தேடினான். உலகத்தில் வேறு எவனுடைய பிரிண்டருக்கும் இந்த நோய் இல்லை. லினக்ஸ் தன் மானத்தை இப்படி வாங்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

மானம் போனால் போகட்டும். போன கிழமை மனிதர், உந்தச் சாமான் எனக்குச் சரிவராது போல இருக்கு என்று ஒரு வார்த்தை விட்டிருந்தார். விண்டோஸுக்கே திரும்பிவிட்டால் ராகுலனுக்கு அங்கே என்ன வேலை? மயூரிக்கு அப்பாவின் குரலைக் கேட்க இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும். நேற்று இரவு அவள் சாப்பிடவே இல்லை.

இன்றைக்கு எப்படியும் மூலத்தைக் கண்டுபிடிப்பது என்று டெரிக் உட்கார்ந்திருந்தான்.

வெள்ளவத்தைக் கொம்பியூட்டரின் திரை இங்கே லாப்டொப்பில் விரிந்தது. அங்கே பாலசுந்தரம் மவுஸை அசைக்க, இங்கே அம்பு நகர்ந்தது. மயூரி அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெரிக் கறுப்புத் திரையைத் திறந்து மேல் அம்புக்குறியைத் தட்டினான். முன்பு அடித்த கட்டளைகளை லினக்ஸ் மறப்பதில்லை. மேலே தட்டத் தட்ட ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். போன சனி தான் அடித்த 'தொடங்கு' முதலில் வரும் என்று நினைத்தான்.

வந்தது 'நிறுத்து'.

திரும்பத் தட்டினான். அவன் அடித்த 'தொடங்கு'. இன்னொரு தட்டு. மறுபடியும் 'நிறுத்து'. அதற்கு மேலே 'தொடங்கு'. அதற்கும் மேலே 'நிறுத்து'. ஓரிடத்தில் பிழையாக அடித்து, பிறகு பொறுமையாகத் திருத்தியும் அடித்திருந்தார் மனிதர்.

நிறுத்துவதற்குக் கடவுச்சொல் வேண்டும். அதை அவர் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

அட கடவுளே! டெரிக் லாப்டொப்பை மெல்ல மயூரியின் பக்கம் திருப்பினான். அவள் வாசித்தாள். பொத்திய கைக்கு மேலே அவளுடைய கண்கள் நிறைந்தன.

"என்ன தம்பி, கண்டுபிடிச்சிட்டீரோ?"

"ஆமா அங்கிள்."

சொன்ன பிறகுதான் டெரிக் நாக்கைக் கடித்தான். பாலசுந்தரம் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தொண்டையை இரண்டு தரம் செருமினார்.

"உது தூரத்திலை இருந்து திருத்திற பழுதில்லை. நாளைக்கு நேரை வாரும், மத்தியானம் சாப்பிடலாம். அவளுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி எண்டால் போதும். உமக்கு என்ன பிடிக்குமெண்டுதான் எனக்குத் தெரியாது. கெதியாச் சொல்லும், மார்க்கெட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறன்."

டெரிக் மயூரியின் பக்கம் திரும்பினான்.

மயூரி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"முருங்கைக்காய், அப்பா" என்றாள்.