கண்ணாடியை மடக்கின அகலம்

“அகலம் எவ்வளவுங்கண்ணா? சைடு கண்ணாடிய மடக்கியா, விரிச்சா?”

கையில் டேப்போடு வந்து நின்ற மாதுவை வெங்கடாசலம் ஏற இறங்கப் பார்த்தார். பாலக்கோட்டில் தார்ப்பாயும் சீட் கவரும் தைக்கிற கடை மாதுவுடையது. எதிரில் இருக்கிற தக்காளி மண்டி வெங்கடாசலத்துடையது. இருவருக்கும் ஊர் ஒன்றுதான். காடும் பக்கத்துப் பக்கத்துக் காடு.

“வண்டி இன்னும் கம்பெனிய விட்டே வெளிய வரல. அதுக்குள்ள கவர் தைக்கக் கெளம்பிட்டியா?”

“அத்தனை வெல குடுத்து வாங்குற வண்டி. வெயில்ல காயலாமுங்களா?”

வெங்கடாசலத்துக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. போனை நீட்டினார். தரையோடு தரையாகப் பதுங்கிய தவளை மாதிரி, சிவப்பாக ஒரு கார். மூன்று செகண்டில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்குமாம். விலை மூன்று கோடியா, நாலு கோடியா என்று அதைச் செய்கிறவனே இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம்தான் வருகிறது. பெங்களூரில் முன்பணம் கட்டிவிட்டார். வேண்டாம் என்றாலும் திரும்பி வராத பணம்.

தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த கருப்பண்ணன் தலைத்துண்டை அவிழ்த்தபடி எட்டிப் பார்த்தான். “லிட்டருக்கு எத்தனை குடுக்குமுங்க?”

“அஞ்சு குடுத்தா பெரிசு.”

“டயரு?”

“நாலும் மாத்த நாலு லட்சம் ஆவும்ங்கறானுங்க. சர்வீசுக்குப் பெங்களூருக்கு லாரில ஏத்தித்தான் அனுப்பணும். இன்சூரன்ஸ் மட்டும் வருசா வருசம் ஒரு டிராக்டர் வெல.”

“தக்காளி கிலோ நாலு ரூவாய்க்குப் போற அன்னைக்கு டயரு வெடிச்சுதுன்னா, எங்க கூலிலதான் கை வெப்பீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெங்கடாசலமும் சேர்ந்து சிரித்தார். மாது சிரிக்கவில்லை.

“அகலம் சொல்லலீங்களே.”

“விரிச்சா ஏழடி. மடக்குனா ஆறரைன்னு போட்டிருக்கான். போதுமா?”

மாது காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உள்ளங்கையில் அந்த ஆறரையை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினான்.

“டேய் மாது,” முதுகுக்குப் பின்னால் வெங்கடாசலத்தின் குரல் வந்தது. “உன் காட்டோரமாத்தான் தெனமும் போவேன். அந்தச் சத்தத்துக்கே உன் வூட்டு ஓடு சரியும் பாரு.”

கருப்பண்ணன் கடை வரைக்கும் கூடவே வந்தான். “ரோசம் இருக்கா மச்சான் உனக்கு? அந்தாளுக்குப் போயி கவர் தைக்கற. என் தங்கச்சிய மறந்துட்டியா?”

மறப்பதாவது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாதுவின் பெண்டாட்டி மணிமேகலையைக் காட்டில் விரியன் கடித்தது. ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து மாதுவின் வீட்டுக்கு இருந்த ஒரே வழி வெங்கடாசலத்தின் தோட்டத்துக்குள். அதன் இரண்டு பக்கமும் அவர் கல் நட்டுக் கம்பி கட்டியிருந்தார். நாலு கல்லைப் பிடுங்கினால் வண்டி உள்ளே வந்துவிடும். மாது காலில் விழுந்தான்.

வெங்கடாசலம் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “பத்திரத்துல நடைத்தடம்னுதான் இருக்குது. வண்டித்தடம்னு இல்லியே.”

கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தார் ரோட்டில் இறக்கியபோது அவளுக்கு மூச்சு இல்லை.

அவள் காரியம் முடிந்த ஆறாம் மாதம், மாதுவின் காட்டைத் தாண்டி இருந்த மேட்டு நிலத்தை வாங்கி வெங்கடாசலம் பங்களா கட்டினார். தன் தோட்டத்தின் வழியாக வந்து, மாதுவின் காட்டோரத்துத் தடத்தில்தான் அங்கே போக வேண்டும். அவருடைய ஜீப் போகிறபோதும் வருகிறபோதும் மாதுவின் கடலைச் செடி இரண்டு சால் நசுங்கியது. மாது ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் அவனுக்குச் செத்த பாம்பு என்று பெயர்.

“செடி மேல ஏத்தி ஓட்டுறான், கேக்க மாட்டேங்கற,” என்றான் கருப்பண்ணன்.

“தைக்கறவனுக்கு அளவு கெடைச்சா போதும் மச்சான்,” என்று மாது மிஷினில் உட்கார்ந்தான்.

மறு வருஷம் ஆடியில் கார் வந்தது. அதை எடுத்துவர வெங்கடாசலம் பெங்களூர் போய் மூன்று நாள் தங்கினார். நாலாம் நாள் தார் ரோட்டில் லாரியிலிருந்து இறக்கி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, தானே ஓட்டிக்கொண்டு வீட்டு வழியில் திரும்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடின.

வளைவு தாண்டியதும் கார் நின்றது.

இடது பக்கம் எப்போதும் இருக்கிற பாறை. வலது பக்கம் மாதுவின் காட்டில், புதிதாக நட்ட கருங்கல் கம்பங்கள் பங்களா வாசல் வரைக்கும் வரிசையாக நின்றன. அடியில் சிமெண்ட் காய்ந்திருந்தது. முதல் கல்லில் சாய்ந்தபடி மாது நின்றான். கையில் டேப் இருந்தது. கவர் இல்லை.

வெங்கடாசலம் கண்ணாடிகளை மடக்கினார். இம்மி இம்மியாக நகர்த்தினார். கர்ரென்று ஒரு சத்தம். சிவப்புப் பெயிண்ட் கல்லில் ஒட்டியது. பின்னால் எடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

“கல்லப் புடுங்குடா. நாலு கோடி ரூவா வண்டிடா இது.”

மாது சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து, மடிப்பு கிழியாமல் பிரித்தான். மேட்டு நிலத்தை அவன் பாட்டன் விற்றபோது எழுதியது.

“ஆறடி விட்டிருக்குதுங்கண்ணா. சர்வேயரே அளந்து குடுத்தாரு.”

“ஆறடில என் வண்டி எப்படிடா போவும்?”

“பத்திரத்துல மாட்டு வண்டித்தடம்னுதான் இருக்குதுங்க.”