நடுங்குற கண்ணாடி

"கார் கண்ணாடி ஏன்டா இப்படி நடுங்குது?" கட்டாரிலிருந்து வீடியோ கோலில் நஸீம் கேட்டான்.

"டீசல் வண்டிதானே நானா," என்றான் தம்பி றிஸ்மி.

"சும்மா ஸ்டார்ட்ல நிக்கக்குள்ள நடுங்கல்ல. எடுக்கக்குள்ளதான் நடுங்குது. வாப்பாவ கிளினிக்குக் கொண்டு போக வாங்கின வண்டி. நீ வாடகைக்கு ஹயர் ஓடி கிளச்ச முடிச்சிட்ட, என்ன?"

"சத்தியமா இல்ல நானா."

"திரும்ப எடு, பாப்போம்."

கார் திக்கித் திக்கி மடவளை றோட்டில் ஏறியது. கண்ணாடி படபடத்தது.

"போன் உன்ட கையில. அப்ப யாருடா ஓட்டுறது?"

றிஸ்மி போனைத் திருப்பினான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி உம்மா.

"தம்பிக்கு கொழும்புல வேல கெடச்சிருக்கு மகன். இனி வாப்பாவ நான்தானே கொண்டு போகணும்."



"கிளச்ச மெல்ல விடுங்க உம்மா," என்றான் நஸீம். "கண்ணாடி நடுங்காது."